புகைப்புரையும் பச்சைக் கட்டமும்

ஜனவரி 6, திங்கள்

விடியலில் மூடுபனி. எட்டு மணி வரை ரோட்டுக்கு அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து டாக்டர் ரேஷ்மா வந்தார், கூட ஒரு மெக்கானிக். டெரஸில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார்கள். டிபன் காரியர் அளவு. காற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசியை நிமிஷத்துக்கு நிமிஷம் அளக்குமாம். கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ஒரு சின்ன பல்பு அளவுகூட இல்லை.

ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊரில் எந்த நோய் எதனால் வருகிறது என்று ஆராய்கிற டாக்டர். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பழைய ஆஸ்பத்திரியில் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து மூச்சைச் சோதிக்கிறார். அவர்கள் வயிற்றில் இருந்தபோது அம்மா எப்படிப்பட்ட காற்றைச் சுவாசித்தாள் என்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் இங்கே அளக்கக் கருவி கிடையாது. ஆனால் சாட்டலைட் இருந்தது. தினமும் நம் தலைக்கு மேலே போய்ப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தப் பழைய படங்களிலிருந்து தூசியின் அளவைப் பிரித்தெடுக்கலாமாம். பிரித்தது சரியா என்று பார்க்கத்தான் தரையில் இந்தப் பெட்டி.

லாப்டாப்பில் காட்டினார். பாறசாலையும் சுற்று ஊர்களும் சதுரம் சதுரமாக. ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். சிவப்பு என்றால் மோசம், பச்சை என்றால் நல்லது. என் கட்டம் பச்சை.

"டாக்டரே, இந்தப் படத்த எனக்கு போன்ல விடுவீங்களா?"

"எதுக்கு சேட்டா?"

"சும்மா. வச்சிருக்க."

சும்மா இல்லை. கோட்டுகால் சம்பந்தியம்மாவுக்குக் காட்ட. மகள் ஷைனிக்கு ஏழாம் மாசம், தலைப்பிள்ளை. 19-ஆம் தேதி ஞாயிறு பலகாரத்தோடு போய் அழைத்து வருவதாகப் பேச்சு. பேறு முடிந்து மூன்று மாசம் வரை இங்கேதான். சம்பந்தியம்மா ஒரு வாரமாக இழுத்தடிக்கிறார். "ஷைனிக்கு மூச்சு இழுப்பு உண்டல்லா அண்ணா. உங்க வீட்டுக்குப் பொறத்த ரப்பர் புகைப்புரையும் உண்டு. அதாக்கும் யோசனை."

யோசனை நியாயமே. அடுக்களை வாசலிலிருந்து புகைப்புரைக்கு முப்பது காலடி. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் நாலு நாள் உலர்த்துகிற இடம். புகை இல்லாமல் என் ரப்பர் ஷீட்டு வியாபாரம் இல்லை. ஆனால் மனைவி லில்லிபாயிடம் அதைச் சொல்ல முடியாது. "தலைப்பிள்ளைக்கு அம்மை வீட்டுக்கு வரல்லேன்னா ஊரு என்ன சொல்லும்? நான் செத்தா போனேன்?"

மதியமே படத்தைச் சம்பந்திக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: சாட்டலைட் எடுத்தது. நம்ம வீடு பச்சை.


ஜனவரி 7, செவ்வாய்

நல்ல வெயில். சம்பந்தியின் பதில் வந்துவிட்டது. "சாட்டலைட்டே சொன்னா பின்ன நான் என்னத்தச் சொல்ல. 19-க்கு வாங்க." ஒரு ரோஜாப்பூ வேறு.

சரக்கு கைமாறின சந்தோஷம்.

செய்ய வேண்டியவை:
சிறுபயறு, கருப்பட்டி, எள் (முந்திரிக்கொத்துக்கு)
ரசகதலி வாழைக்குலை ஒன்று, பழுக்காதது
ஷை. அறை ஃபேன், கிறுகிறு சத்தம்
இன்ஹேலர் இரண்டு, கைவசம் இருக்கட்டும்
விறகு லோடு, வியாழன்

முந்திரிக்கொத்தைப் பேக்கரியில் சொல்லிவிடலாமே என்றேன்.

"பேக்கரி முந்திரிக்கொத்தா? அதக் கொண்டு எறிஞ்சா நாயி சாவும்." லில்லியே செய்யப் போகிறாளாம். முட்டு வலிக்கிறது என்று போன வாரம்தான் தைலம் வாங்கினேன்.

லில்லிக்கு ஏழாம் மாசம் ஆனபோது அவள் அம்மை பெரிய பிஸ்கட் டின் நிறைய முந்திரிக்கொத்து கொண்டு வந்தாள். ஜூலை மழை. லில்லி பிறந்த ஊரான செங்கலிலிருந்து பஸ்ஸில் வந்து, முக்கில் இறங்கி, டின்னைத் தலையில் வைத்து, குடையை டின்னுக்குப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஆள் முழுக்க நனைந்து, பலகாரத்தில் ஒரு துளி படவில்லை. அப்போது எங்களுக்கு ஓடு போட்ட ஒற்றை அறை, குத்தகைக்கு எடுத்த ஒரு புகைப்புரை. அவ்வளவே ஆஸ்தி.


ஜனவரி 9, வியாழன்

விறகு வந்தது. ஈரம். லோடுக்காரனைத் திட்டி அனுப்பினேன், பாதியை இறக்கவில்லை.

பெட்டி அளப்பதைப் போனிலேயே பார்க்கலாம் என்று மெக்கானிக் காட்டித் தந்திருந்தான். மூன்று நாளாகப் பார்க்கிறேன். மூன்று நாளும் வரைகோடு ஒரே கோலம். காலை ஆறு, ஏழு மணிக்கு ஒரு மலை. பத்துக்குச் சரிவு. மதியம் ஒன்றரைக்கு வயல் மாதிரி சமம். நாலரைக்குப் பிறகு மறுபடி ஏற்றம். காரணம் யாரும் சொல்லித்தர வேண்டாம். பகலில் கனல் மட்டும் கிடக்கும். நாலரைக்கு விறகு அடுக்கி மூட்டுவோம், விடியும் வரை எரியும்.

டாக்டரைக் கூப்பிட்டேன்.

"உங்க சாட்டலைட் எத்தர மணிக்காக்கும் இந்த வழி போவுது?"

"ஒண்ணு காலைல பத்தரைக்கு. இன்னொண்ணு மதியம் ஒண்ணரைக்கு. ஏன் சேட்டா?"

"அது வாற நேரம் எங்க வீட்டில புகை இல்ல."

சிரித்தார். பிறகு மலையாளத்தில் விளக்கினார், என் தமிழில் எழுதி வைக்கிறேன். சாட்டலைட் மேலேயிருந்து தரை வரை உள்ள மொத்தக் காற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. வெளிச்சம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துத் தூசியைக் கணிக்கிறது. ஒரு கட்டத்துக்கு ஒரே எண். அதற்குள் என் புகைப்புரை ஒரு புள்ளி. மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது. ஜூன், ஜூலையில் கட்டமெல்லாம் வெறுமை. பக்கத்து நாள், காற்று, மழை இவற்றை வைத்து அந்த வெறுமையை நிரப்ப வேண்டும்.

"அப்பம் பச்சைன்னு காட்டினது பொய்யா?"

"பொய்யில்ல. அது ஊரைப் பாக்கும். உங்க வீட்டைப் பாக்காது."

எனக்கு இது புரிகிற விஷயம்தான். நூறு ஷீட்டுக் கட்டில் ஓரத்து நாலைப் புரட்டிக் கட்டுக்கே ஒரு தரம் போடுகிறேன். தப்பு வராது, மொத்தத்தில். நடுவில் ஒரு ஷீட்டில் பூசணம் இருந்தால் அது கொண்டு வந்தவனுக்கு மட்டும் தெரியும்.

ஜூன், ஜூலையில்தான் விறகு ஈரம். புகை அதிகம்.


ஜனவரி 11, சனி

வானம் மந்தாரம். டாக்டர் பெட்டியைச் சரிபார்க்க வந்தவர், ஷீட்டு எடை போடும் அறையிலேயே உட்கார்ந்து சாயா குடித்தார். முகம் வாடியிருந்தது. ஆராய்ச்சியில் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது. சில பிள்ளைகளுக்கு, அம்மா இருந்த கட்டம் நல்ல பச்சை. ஆனாலும் பிள்ளைக்கு இழுப்பு. செங்கல், அதியன்னூர் பக்கம் அப்படி நிறைய.

லாப்டாப்பைத் திறந்தார். பேர் எல்லாம் மறைத்திருந்தது. ஒரு வரியை மட்டும் திறந்து காட்டினார், வீட்டாருக்குக் காட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுத் தந்த ஆள் என்பதால். ஷைனி. கோட்டுகாலில் நடந்த மூச்சுச் சோதனை முகாமில் குழாயில் ஊதியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவில்லை. பிறந்தபோது அம்மாவின் விலாசம்: செங்கல். காற்று: நல்லது. மூச்சு: குறைவு.

"உங்க மகள் எனக்குப் புரியல்ல சேட்டா" என்றார்.

எனக்குப் புரிந்தது. பாதியைச் சொன்னேன்.

"டாக்டரே, இஞ்ச பேறுகாலம் அம்மை வீட்டுக்காரங்களுக்க பொறுப்பு. செலவும் அவங்களுக்கு, ஆஸ்பத்திரியில எழுதுத அட்ரஸும் அவங்களுக்கு. ஆறு மாசம் பொண்ணு புருஷன் வீட்டில ஆக்கும் கெடந்தது. அந்த அட்ரஸ ஆரும் எழுத மாட்டாங்க."

கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க ஊரு கோழிக்கோட்டிலயும் ஏழாம் மாசம் அழைக்கிறது உண்டு. ஆனா ரேஷன் கார்டு விலாசம் எழுதியிருப்பாங்கன்னு நினைச்சேன்."  பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "சேச்சி எத்தனாவது மாசம் செங்கலுக்குப் போனீங்க?"

"ஏழாம் மாசம். மொறைப்படி." லில்லி என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அதைத் திருத்தவில்லை. டாக்டர் குறித்துக்கொண்டு போனார்.

இங்கே எழுதலாம்.

போனது ஞாயிறு. வியாழன் நான் போய்த் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். நாலே நாள். தீ பார்க்கிற ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான். உள்ளே முழுச் சரக்கு, வெளியே மழை, இரண்டு நாள் புகை இல்லையென்றால் எல்லாம் பூசணம். நான் ஊர் ஊராகப் போய் ஷீட்டு எடுக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல், கவனிக்க ஆளில்லை என்று செங்கலில் பொய் சொன்னேன். மாமியார் நெற்றியில் கை வைத்துப் பார்க்கவில்லை. மீதிப் பலகாரத்தைப் பொதிந்து லில்லி கையில் கொடுத்தாள், அவ்வளவுதான். முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் லில்லி என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் எங்க, புகைப்புரைக்கா?" என்றாள். சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சேலையைத் தூக்கிச் செருகி விறகு எடுத்தாள்.

மூன்று மாசம். தீக்குப் பக்கத்தில், ரப்பர் பால் உறைய வைக்கும் டிஷ்ஷைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருப்பாள், வயிற்றில் ஒரு கை. தகரக் கூரையில் மழை. கனலில் பலாச் சக்கைக்குரு சுடுவாள். ஷீட்டு பொதிந்து வந்த பழைய பேப்பரைப் பிரித்து உரக்க வாசிப்பாள், தமிழ் என்றால் தமிழ், மலையாளம் என்றால் மலையாளம். கல்யாண விளம்பரம் வந்தால், "இதில உங்கள விட நல்ல மாப்பிள உண்டு, எழுதிப் போடட்டா?" முடி முழுக்கப் புகை மணம். எனக்கு அந்த மணம் பிடிக்கும். நல்ல ஷீட்டின் நிறம் தேன் மாதிரி இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால். அவள் பார்த்த தீயில் ஒரு ஷீட்டுகூடக் கருகியதில்லை. அந்த வருஷம்தான் கடைக்கு நல்ல பேர் கிடைத்தது.

இப்போது இரண்டு கடை, மூன்று வண்டி, கான்கிரீட் வீடு. சந்தோஷமாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால் அந்த மூன்று மாசத்தைத்தான் சொல்வேன். அதை நினைக்கவே இன்றைக்குப் பயமாக இருந்தது.

வலி எடுத்தது புகைப்புரையில் வைத்து. ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, செங்கல் வழி சுற்றிப் போனோம். லில்லி சொன்னாள், "அம்மைய ஏத்திக்கிட்டுப் போணும்." மாமியார் பையோடு தயாராக நின்றாள். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதற்கு முன்பே விலாசத்தைச் சொன்னாள்.


ஜனவரி 12, ஞாயிறு

சபைக்குப் போனோம். பிரசங்கம் நீளம். மனம் நிற்கவில்லை.

மதியம் ஷைனி போனில். மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறாள், இந்த மாசத்தில் எல்லாருக்கும் அப்படித்தானாம்.

"அப்பா, எனக்க முறியில உள்ள பழைய கட்டில மாத்தாண்டாம், கேட்டீங்களா."

"மாத்தல்ல மக்கா."

"ஜன்னல் தொறந்து கெடக்கணும். எனக்கு அந்தப் புகை மணம் இல்லேன்னா நம்ம வீடுன்னே தோணாது."

 நாலு வயதில் அவளுக்கு முதல் இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி எத்தனை டாக்டர் வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். திரும்பி வரும்போது பேக்கரியில் கிரீம் பன். அதற்காகவே இழுப்பு வரவேண்டும் என்று ஜெபம் பண்ணினதாக ஒரு தடவை சொன்னாள். ஐந்து வயது அப்போது. என் முதுகுக்குப் பின்னால் புகைப்புரை புகைந்துகொண்டுதான் இருந்தது, நான் மருந்துக்கு ஊர் சுற்றினேன்.

ஃபேன் சரியாகிவிட்டது.


ஜனவரி 13, திங்கள்

பனி. ஷீட்டு வரத்து அதிகம், மரம் இலை உதிர்க்கும் முன் எல்லாரும் மும்முரமாகப் பால் வெட்டுகிறார்கள்.

லில்லி அடுக்களையில் சிறுபயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன்.

"டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்ன?"

"எது பொய்? செங்கலுக்குப் போனேனா இல்லியா?"

"நாலு நாளு."

"நாலு நாளும் போக்குதானே."

"எனக்கு மோசம் வரும்னா?"

"உங்களுக்கா?" முறத்தை வைத்தாள். "பெரிய ஆளு. அம்மைக்காகவாக்கும்."

பிறகு அவள் சொன்னது எதுவும் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

"நீங்க என்னக் கூட்டிட்டு வந்த பெறவு அம்மை ஒருத்தர்ட்டயும் அதச் சொல்லல்ல. எனக்க மக உள்ள படுத்திருக்கா, தலை சுத்து, ஆரும் இப்பம் பாக்காண்டாம்னு சொல்லிச்சு. மூணு மாசம். தெனமும் ரெண்டு பேருக்குள்ள சோறு கூடுதலா வச்சுது, எனக்கும் வயித்தில உள்ளதுக்கும். மீன்காரிட்ட, மகளுக்குன்னு ஒரு துண்டு பெரிசா வெட்டச் சொல்லும். தாசன் தின்னு கொழுத்தான்."

தாசன் அவள் தம்பி.

"அம்மை அத்தர பாடுபட்டது அந்த ஒரு அட்ரஸுக்கு வேண்டி. இப்பம் நான் போயி, அது இல்லேன்னு சொல்லவா?"

மாமியார் போய் ஒன்பது வருஷம். ஒரு தடவைகூட முகத்தைச் சுளித்ததில்லை என்னிடம். எப்போது போனாலும் பெரிய துண்டு மீன் எனக்கு வைப்பாள். வாங்கித் தின்றிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து லில்லியே கேட்டாள். "அந்த மலைய இஞ்ச காட்டுங்க."

போனைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"இந்த உச்சி எத்தர மணி?"

"ஆறு."

"ஆறு மணிக்குத்தானே நான் ஜன்னலத் தொறப்பேன்." போனைத் திருப்பித் தந்துவிட்டுப் பயறைப் புடைத்தாள். ஷைனியை இங்கே கொண்டு வரலாமா என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. இன்னும் ஆறு நாள்.


ஜனவரி 15, புதன்

டாக்டர் காலையில் வந்தார். நான் எப்படித் தொடங்குவது என்று பனி, விறகு, ரப்பர் விலை எல்லாவற்றையும் சுற்றி வந்துகொண்டிருந்தேன். லில்லி சாயாவை வைத்துவிட்டு நின்றபடியே மலையாளத்தில் சொல்லிவிட்டாள். "நான் செங்கல்ல நாலு நாளுதான் இருந்தேன் டாக்டரே. பாக்கி நாளெல்லாம் இவருக்க புகைப்புரையில. தீ போட்டது நானாக்கும்."

டாக்டர் எழுதுவதற்கு முன் லில்லி குறுக்கே கை நீட்டினாள். "ஆஸ்பத்திரி புக்கில உள்ள அட்ரஸ வெட்டுவீங்களா?"

"அதை யாரும் தொட முடியாது சேச்சி. என் பட்டியலில் இன்னொரு கட்டம் சேர்ப்பேன், அவ்வளவுதான்."

"அப்பம் செரி. அது அப்பிடியே கெடக்கட்டு."

நான் கேட்டேன், ஷைனியின் வரி இப்போது சிவப்பாகுமா என்று. ஆகாதாம். செங்கல் கட்டத்திலிருந்து எங்கள் கட்டத்துக்கு மாற்றினாலும் அதுவும் பச்சைதான். மழைக்காலத்துக்கு மேலேயிருந்து படமே இல்லை. ஒரு புகைப்புரை அந்த உயரத்துக்குத் தெரியாது.

"அப்பம் அவளுக்கு இழுப்பு வந்தது எனக்க புகையாலயா, இல்லியா?"

"ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் சொல்லலாம். ஒரு ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது சேட்டா. ஆயிருக்கலாம்."

வியாபாரத்தில் எனக்கு உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான் பழக்கம். ஆயிருக்கலாம் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

டாக்டர் மறுபடி எல்லா வீட்டுக்கும் போகப் போகிறார். எந்த மாசம் வரை எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் என்ன எரிந்தது. இரண்டு கேள்வி. சாட்டலைட்டுக்குத் தெரியாததை அம்மாக்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார். லில்லி சொன்னாள், "புருஷன் முன்னாடி வச்சுக் கேக்காதீங்க. மாமியார் முன்னாடியும் வேண்டாம். கெணத்தடியில வச்சுக் கேளுங்க." அதையும் எழுதிக்கொண்டார்.

புகைப்புரையை ஐந்து மாசம் அடைத்தால் என்ன என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மூன்று ஊர்ச் சின்னத் தோட்டக்காரர்கள் என்னை நம்பித்தான் ஷீட்டு அடிக்கிறார்கள் என்று ஒரு பதில் வந்தது. நிஜப் பதில் அது இல்லை. அடைக்க மனசு வரவில்லை. பிப்ரவரியில் பால் வெட்டு நிற்கும்போது புகைக்குழாயை உயர்த்திக் கட்ட வேண்டும், அது செய்யலாம். ஆனால் ஷைனி வருவது இந்த ஞாயிறு.


ஜனவரி 16, வியாழன்

லேசான வெயில். தனியாகச் செங்கலுக்குப் போனேன். டாக்டரிடம் உபரியாக இருந்த இன்னொரு பெட்டியைக் கேட்டு வாங்கியிருந்தேன். சரக்கைப் பார்க்காமல் எடுக்கிற வழக்கம் இல்லை.

தாசன் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான்.

"எலே தாசா, ஒரு காரியம்."

"சொல்லுங்க அத்தான்."

சொன்னேன். ஷைனியை எங்கள் வீட்டுக்கு இல்லை, இங்கே அழைத்து வர வேண்டும். கூட லில்லியும் வருவாள். பேறு முடிந்து மூன்று மாசம் வரைக்கும்.

மண்வெட்டியை ஊன்றி நின்றான். "அக்காக்க வீட்டுக்கு அக்கா வாறதுக்கு எங்கிட்ட என்ன கேப்பு? அம்மைக்க முறி சும்மாத்தான் கெடக்குது." பிறகு வாயைக் கோணினான். "மூணு மாசம் அவளுக்க மீன் துண்டு பூராவும் நானாக்கும் தின்னது. இனி நான் வாங்கிப் போடுதேன்."

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

பெட்டியை மாமியார் அறை ஜன்னலில் கட்டினேன். தாசன் மனைவி செல்வி, "இதில டிவி தெரியுமா அண்ணா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து லில்லியிடம் சொன்னேன்.

"நானுமா?"

"நீயும்தான்."

"இஞ்ச ஆரு சோறு வைப்பா?"

"நான் வைப்பேன்."

"எங்க, புகைப்புரையிலயா?"

பிறகு அடுக்களைக்குள் போனாள். பாத்திரச் சத்தம் கொஞ்ச நேரம் அதிகமாக இருந்தது. வெளியே வந்து, "ஊரு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள். அம்மை வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள் என்று சொல்வேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது என்றேன்.  முட்டுத் தைலத்தை எடுத்துப் பையில் வைத்தாள்.


ஜனவரி 18, சனி

விடியலில் இருந்தே எண்ணெய் மணம். லில்லியும் செல்வியுமாக முந்திரிக்கொத்து. செல்வி இரவு இங்கேயே தங்கி உதவி. எனக்கு உடைந்ததெல்லாம் தந்தார்கள்.

செங்கல் பெட்டி: நேற்றுக் காலை ஆறரைக்கு ஒரு குன்று. நம் மலை அளவு இல்லை, ஆனாலும் குன்று. தாசனைக் கூப்பிட்டு என்ன எரித்தாய் என்றேன். கிணற்றடியில் சருகும் பிளாஸ்டிக் கவரும். இனி ஐந்து மாசத்துக்கு ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது என்று சொன்னேன். "போலீஸ் ஸ்டேஷன வீட்டில கொண்டு வச்சுட்டீங்க அத்தான்" என்றான். இன்றைக்குக் காலை சமம்.

சம்பந்தியம்மாவுக்கும் போன் செய்தேன். பச்சைப் படம் ஊருக்குச் சரி, என் வீட்டுக்குச் சரியில்லை, அதனால் செங்கல் என்று மறைக்காமல் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க அந்தப் படத்த அனுப்பினப்பமே நான் மகன்ட்ட சொன்னேன் அண்ணா. இவரு ஷீட்டு விக்குத மாதிரி காத்த விக்குதாருன்னு."

"பின்ன ஏன் செரின்னு சொன்னீங்க?"

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் தாமசமாப் போச்சு, அவ்வளவுதான்."

 என்னை விட நல்ல வியாபாரி.


ஜனவரி 19, ஞாயிறு

மேகமில்லாத வானம். காலை ஆராதனை முடிந்ததும் புறப்பாடு. வண்டியில் நான், லில்லி, செல்வி, டின் நாலு, குலை ஒன்று. கோட்டுகாலில் கடல் காற்று பலமாக. ஜெபம், சாப்பாடு, பலகாரம் பங்கு வைத்தல். மருமகன் ஷைனியின் பையை ஏற்றும்போது இன்ஹேலரை மூன்று தடவை எண்ணினார்.

பின் சீட்டில் ஷைனி. பாதி வழியில் கேட்டாள்.

"நேத்து அம்மா போன்ல சொல்லிச்சு, செங்கலுக்குன்னு. ஏன்னு சொல்லல்ல. அப்பாட்ட கேளுன்னு வச்சிட்டுது."

வண்டியை ஓரம் கட்டினேன். ஓட்டிக்கொண்டே சொல்லக்கூடிய விஷயம் இல்லை. காய்ச்சல் பொய், நாலு நாள், மூன்று மாசம், டிஷ்ஷின் மேல் உட்கார்ந்த அம்மா, எல்லாம் சொன்னேன். கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். லில்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்வி முந்திரிக்கொத்து டின்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஷைனி முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தாள். பிறகு, "எனக்கு நாலு வயசுல இழுப்பு வந்தப்பம் இது ஞாபகம் வந்துதா அப்பா?"

"வந்துது."

"பெறவும் ஒண்ணும் செய்யல்ல."

"இல்ல மக்கா."

"செரி. வண்டிய எடுங்க. எனக்கு உக்காந்தே இருந்தா முதுகு நோவுது."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. செங்கல் வரை செல்வியிடம் குழந்தைத் துணி பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பிடிக்க வேறு ஒன்றும் இல்லாததாலும் இருக்கலாம்.

தாசன் நெய்மீன் வாங்கி வைத்திருந்தான். ஷைனி சாப்பிட்டுவிட்டு நடு அறையில் படுத்துத் தூங்கினாள். வாய் மூடி, மூக்கால் மூச்சு. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டேன். சத்தமே இல்லை.

மூன்று மணி. கிளம்ப வேண்டும், நாலரைக்குத் தீ போட ஆள் வருவான், சாவி என்னிடம். லில்லியைத் தேடினேன். மேற்கு அறையில், அவள் அம்மையின் கட்டிலில், காலை நீட்டி மல்லாந்து கிடந்தாள். கண் மூடியிருந்தது, தூக்கம் இல்லை. பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. அவள் அம்மை மூன்று மாசம் ஊருக்குச் சொன்ன படுக்கை இதுதான்.

"போவட்டா?" என்றேன்.

"ம்."

"ரெண்டு நாளைக்கு ஒருக்க வாறேன்."

"வாங்க. குளிச்சுட்டு, வேற சட்டை போட்டுட்டு வாங்க. புகைச் சட்டையோட பிள்ளைக்குப் பக்கத்தில போவப்பிடாது."

சரி என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் வாசல் பக்கம் அசைத்தாள்.

"அந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க."